தினசரி சாப்பாட்டுக்கு எதுக்குங்க நாலு வகை?

வீட்டுச் சமையலைக் கெடுத்தது ஸ்விக்கியும் ஜொமேட்டோவும்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. அதுங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம மெனுவே அந்த வேலையைப் பார்த்தாச்சு. சாம்பார் ஒண்ணு, ரசம் ஒண்ணு, பொரியல் ஒண்ணு, கூட்டோ வறுவலோ இன்னொண்ணு, அப்பளம், ஊறுகாய், தயிர். இது கல்யாணப் பந்தி இல்லைங்க, சாதாரண செவ்வாய்க்கிழமை. இத்தனையும் இருந்தாத்தான் அது 'சாப்பாடு'. ஒண்ணு குறைஞ்சாலும், "என்ன, இன்னிக்கு ஒண்ணும் பண்ணலையா?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பாதி வீட்டுல அடுப்பு பத்த வைக்காம போயிடுது. பண்ணினா நாலு வகை, இல்லேன்னா கடை. நடுவுல ஒரு வழி இருக்குங்கறதே மறந்து போச்சு. நான் சண்டை போடப் போறது அந்த நாலு வகையோடதான். கோபம் வர்றவங்களுக்கு வரட்டும், சாப்பிட்டுட்டு வந்து திட்டுங்க.

ஊர்ல இருக்கிறவங்களுக்குப் புரியணும்னா எங்க ஏரியாவைக் கொஞ்சம் சொல்லணும். ஜீடிமெட்லா ஹைதராபாத்தோட வடக்குப் பக்கம் இருக்கிற தொழிற்பேட்டை. மருந்துக் கம்பெனி, கெமிக்கல் கம்பெனி, லேத் பட்டறைன்னு வரிசையா இருக்கும். எனக்கும் அதுல ஒரு மருந்துக் கம்பெனியோட க்யூசி லேப்லதான் சோறு. சாயந்தரம் ஆறரைக்கு மேல ஷாப்பூர் நகர், சிந்தல், சுசித்ரா பக்கம் எந்தத் தெருவுல திரும்பினாலும் ஒரு 'கர்ரி பாயிண்ட்' இருக்கும். இது நம்ம ஊர்ல அவ்வளவாப் பார்க்காத ஐட்டம். சோறு கிடைக்கும், ஆனா அதை வாங்க யாரும் போறதில்லை. வரிசையா எவர்சில்வர் பாத்திரம்: பப்பு, சாம்பார், சாறு, ஒரு புளுசு, ரெண்டு மூணு ஃப்ரை, சிக்கன். கேட்டதைக் கரண்டியால அள்ளி பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி, ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுக் குடுப்பாங்க. வீட்டுல ரைஸ் குக்கர்ல சோறு வெச்சா டின்னர் ரெடி. கவர் ஒண்ணு நாற்பது ரூபாய் சுமாருக்கு வரும். மூணு கவர் வாங்கினா நூத்தி இருபது.

அங்க நிக்கிற தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். காலையில ஆறு மணி ஷிஃப்டுக்குப் போயிட்டு வந்த பொண்ணு, கையில ஒரு குழந்தை, தோள்ல லன்ச் பேக். அவளைப் பார்த்து "வீட்டுல சமைக்கக் கூடாதா"ன்னு உபதேசம் பண்றவன் மேல எனக்கு வர்ற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கடைக்காரங்க மேலயும் எனக்குப் புகார் கிடையாது. பல கடைகள்ல பின்னாடி கட்டுல நின்னு சமைக்கிறதும் நம்மள மாதிரி ஒரு பொம்பளைதான். ஆனா அந்தக் கவர்ல என்ன இருக்குன்னு பார்க்கணுமில்ல? மேல ஒரு விரல் எண்ணெய். உப்பு தூக்கல். கொதிக்கக் கொதிக்க ஊத்தற அந்த மெல்லிசு கவர், சட்டப்படி 2022 டிசம்பர் 31-லேர்ந்து 120 மைக்ரானுக்குக் கீழ இருக்கவே கூடாத சமாசாரம். ஒரு கவர் பப்புல பருப்பைத் தேடணும். நாலு பேருக்கு மூணு சின்னக் கவர் எப்படிப் போதுது? சோறுதான் மீதி வயித்தை ரொப்புது.

இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். நாம பெருமையா 'முழுச் சாப்பாடு'ன்னு சொல்றோமே, அதுலயும் இதே கதைதான். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை சோறு, மோருக்கோ தயிருக்கோ இன்னொரு தடவை சோறு. பொரியல் ரெண்டு ஸ்பூன், கூட்டு ரெண்டு ஸ்பூன், தட்டோட ஓரத்துல கோலப்புள்ளி மாதிரி. பேருதான் நாலு வகை. நிஜத்துல மூணு தடவை சோறு. வகை கூடக் கூட காயோட அளவு கூடுறதில்லை, சோத்துக்கு ஊத்திக்கிற சாக்குதான் கூடுது.

இதை நானா சொல்லலை. ஜீடிமெட்லாவுலேர்ந்து ஒரு பஸ் மாறிப் போனா தார்நாகா. அங்க இருக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், என்ஐஎன். உஸ்மானியா யுனிவர்சிட்டி பக்கம் போற நம்ம ஆட்கள் போர்டைப் பார்த்திருப்பீங்க. அதுவும் நம்மள மாதிரி தமிழ்நாட்டுலேர்ந்து ஹைதராபாத்துக்குக் குடிவந்ததுதான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-ல குன்னூர்ல, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல, பெரிபெரி நோயைப் பத்தி ஆராய ராபர்ட் மெக்கேரிசன்ங்கற டாக்டர் ஆரம்பிச்ச சின்ன யூனிட் அது. 1958-ல ஹைதராபாத்துக்கு வந்துச்சு. 1969-ல இப்ப இருக்கிற பேரு. சேலத்துல பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதோட டைரக்டரா இருந்தவர். ஆக, தார்நாகா ஒரு வகையில நம்ம ஊர்க்காரங்கதான், உரிமையோட கேட்டுக்கலாம்.

அந்த மெக்கேரிசன் குன்னூர்ல ஒரு வேலை பண்ணார். எலிகளைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, இந்தியாவோட ஒவ்வொரு பகுதி ஜனங்க என்ன சாப்பிடறாங்களோ அதையே சமைச்சுப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு, பட்டாணியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு, மராட்டி, கன்னடம், வங்காளம், அப்புறம் 'மெட்ராஸி'. எந்த எலி நல்லா வளர்ந்துச்சு? முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறின்னு சாப்பிட்ட சீக்கிய எலி முதல் இடம். கடைசி இடம் யாருக்கு? யூகிச்சிருப்பீங்க. தீட்டின அரிசியையே மலையாக் குவிச்சுச் சாப்பிட்ட நம்ம மெட்ராஸி எலிக்கு. (அவ்வ்வ்...)

"பாட்டி காலத்துச் சாப்பாடு எல்லாமே ஆரோக்கியம்"னு சொல்றவங்க இந்த எலியைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. சோறு அதிகம், மத்ததெல்லாம் தொட்டுக்கன்னு இருந்த சாப்பாடு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஃபெயில் ஆயிடுச்சு. அதுக்கும் எங்க பாட்டி காரணம் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுல அவங்க தின்னது கம்பஞ்சோறு, சோளச்சோறு, கேப்பைக் களி. நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். தொட்டுக்க ஒரே ஒரு வெஞ்சனம். கீரைன்னா கீரை, கத்திரிக்கான்னா கத்திரிக்கா. நாலு வகைங்கறது காசும் வேலைக்கு ஆளும் இருந்த வீட்டுப் பழக்கம். கூட்டுக் குடும்பத்துல மருமகள் நாலு பேர், மாவாட்ட ஒரு ஆள், விறகு பொளக்க ஒரு ஆள். அந்த மெனுவைத் தூக்கிட்டு வந்து, ரெண்டு பேரும் வேலைக்குப் போற சிந்தல் டூ பெட்ரூம் ஃபிளாட்ல வெச்சா எப்படிங்க ஓடும்?

பாட்டி காலத்துல உருப்படியா இருந்த ஒண்ணையும் சொல்லிடறேன். குன்னூர்க்காரங்க பெரிபெரியைத் தேடிப் போனப்ப, அது இந்தியாவுல அதிகமா இருந்தது தெலுங்குக் கடலோரத்துல, விசாகப்பட்டினத்துலேர்ந்து குண்டூர் பக்கம் வரைக்கும். அங்க பச்சரிசியை மில்லுல நல்லா தீட்டிச் சாப்பிட்டாங்க. நம்ம பக்கம் புழுங்கலரிசி. நெல்லை ஊறவெச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடும், அப்புறம் தீட்டினாலும் முழுசாப் போகாது. ரெண்டு பேருமே அரிசி தின்னவங்கதான். அவிச்சதா அவிக்காததாங்கறதுலயே ஒரு நோய் வர்றதும் வராததும் இருந்துச்சு. இங்க வந்ததும் நாம எல்லாரும் சத்தமில்லாம சோனா மசூரி பச்சரிசிக்கு மாறிட்டோம். மூட்டை 26 கிலோ. (2022 ஜூலையில 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்ட அரிசிக்கு ஜிஎஸ்டி வந்துச்சு, அந்தக் கூடுதல் ஒரு கிலோ நம்ம மேல இருக்கிற பாசம் இல்லை.) தேடினா புழுங்கலரிசியும் கிடைக்கும், கேட்டு வாங்குங்க.

இன்னிக்கு நம்ம பிரச்சினை பெரிபெரி இல்லை, சுகர். ஐசிஎம்ஆரும் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செஞ்ச ஆய்வு 2023-ல வந்துச்சு: இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் வாசல்ல நிக்கிறாங்க. அதே ஆய்வோட அடுத்த பகுதி 2025-ல வந்தப்ப, நாம சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்தே வருதுன்னு சொன்னாங்க. மெட்ராஸி எலிதான் இன்னும் தட்டுல உக்காந்திருக்கு.

சரி, தார்நாகா என்ன சொல்லுது? 2024 மே மாசம் என்ஐஎன் 17 விதிகளோட ஒரு உணவு வழிகாட்டி போட்டாங்க. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற ஒருத்தருக்கு: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை வகை 35 கிராம், பால் தயிர் 300 மில்லி, எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். உப்பு 5 கிராமுக்குள்ள. தானியத்துலேர்ந்து வர்ற கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

லேப்ல வேலை பார்க்கிறவகிட்ட இப்படி நம்பர் குடுத்தா சும்மா இருப்பாளா? நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (சின்னப் பசங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, உத்தேசம்தான்.) எண்ணெய் மாசத்துக்கு மூன்றரை லிட்டர், நெய்யையும் சேர்த்து. உப்பு மாசத்துக்கு 600 கிராம், ஊறுகாய் அப்பளத்துல இருக்கிறதும் அடக்கம். பருப்பு ஒரு நாளைக்கு 340 கிராம். நாலு பேருக்கு நாம வைக்கிற சாம்பார்ல போடறது ஒரு ஆழாக்குக்கும் குறைச்சல், மிஞ்சிப் போனா நூறு கிராம். மீதி 240? அதைவிட காய் கணக்குதான் தலையைச் சுத்த வெச்சுது. ஒருத்தருக்கு 400, நாலு பேருக்கு ஒண்ணரைக் கிலோவுக்கும் மேல. ஒரு நாளைக்கு! வாரத்துக்கு 11 கிலோ. கால் கிலோ பீன்ஸ் வாங்கி நாலு பேருக்குப் பொரியல் பண்ணிட்டு 'காய் சேர்த்துக்கறோம்'னு திருப்திப் பட்டுக்கறோம். கூகட்பல்லி ரைத்து பஜார்லேர்ந்து நீங்க கடைசியா 11 கிலோ காய் தூக்கிட்டு வந்தது எப்போ? மூணு கிலோவுல பாதி உருளையும் வெங்காயமுமா இருந்தா அது காய்ப் பையே கிடையாது.

இந்த அளவுக்குக் காய் நறுக்கணும்னா நாலு வகைக்கு நேரமே கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான். என் கட்சி: குழம்போ பப்போ ஒண்ணே ஒண்ணு, ஆனா கெட்டியா. காய் ஒண்ணே ஒண்ணு, ஆனா ஒரு கிலோ. தயிர். முடிஞ்சது. சோறு ஒரே தடவை, ஒரே குழம்புக்கு. காய்தான் தட்டுல பாதி. ரசம் வைக்கிற அன்னிக்கு சாம்பார் கிடையாது, சாம்பார் வைக்கிற அன்னிக்கு ரசம் கிடையாது. ரெண்டும் ஒரே நாள்ல வேணும்னு சட்டம் எதுவும் இல்லை.

இதுக்கு வழிகாட்டி பக்கத்துலயே இருக்காங்க. எங்க லேப்ல தெலுங்குப் பொண்ணுங்க டிஃபன் பாக்ஸைத் திறந்தா அன்னம், பப்பு, ஒரு கூர, பெருகு. அவ்வளவுதான். அந்தப் பப்பைக் கவனிங்க. அது நம்ம சாம்பார் மாதிரி பருப்புத் தண்ணி இல்லை. பருப்பும் கீரையும் சரிபாதி. தோட்டகூர பப்பு, பாலகூர பப்பு, சுக்ககூர பப்பு, கோங்குர பப்பு, பச்சலகூர பப்பு, பீரகாய பப்பு, சொரகாய பப்பு, மஞ்சளா உருண்டையா இருக்குமே அந்த தோசகாய பப்பு. வாரம் ஏழு நாளும் பப்புதான், ஏழு நாளும் வேற வேற. ஒரே பாத்திரத்துல பருப்பும் ஆச்சு, கீரையும் ஆச்சு. பத்து வருஷம் இந்த ஊர்ல இருந்தும் "தெலுங்குக்காரங்க சாப்பாடு ஒரே காரம்"னு சொல்லிட்டு, இங்க சரியா அமையாத ஊர் சாம்பாரையே கட்டிட்டு அழறது என்ன நியாயம்?

தெரியாதவங்களுக்கு ஒரு தடவை சொல்லிடறேன். துவரம்பருப்பு ஒண்ணரை ஆழாக்கு அரை மணி நேரம் ஊறட்டும், ஊறினா சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம். தோட்டகூர, அதாங்க நம்ம தண்டுக்கீரை ஜாதி, ரெண்டு பெரிய கட்டு அலசி நறுக்கிக்கணும். மண் இருக்கும், மூணு தண்ணி மாத்தணும், அங்க மட்டும் சோம்பல் ஆகாது. பருப்பு, கீரை, ரெண்டு தக்காளி, நாலு பச்சை மிளகாய், மஞ்சள் தூள், கொஞ்சம் புளி எல்லாம் குக்கர்ல ஒண்ணாப் போட்டு மூணு விசில். மத்தால ஒரு கடை, உப்பு. ஒரு ஸ்பூன் எண்ணெய்ல கடுகு, சீரகம், நாலு பல் பூண்டு, வரமிளகாய் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. குக்கர் சத்தம் போடற நேரத்துல பக்கத்து அடுப்புல தொண்டகாய, நம்ம கோவைக்காய், ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல போட்டு மூடி வெச்சா தானே வெந்துக்கும். மூடாம வதக்கினாத்தான் எண்ணெய் குடிக்கும். கீரையை முந்தின நாள் ராத்திரியே ஆய்ஞ்சு வெச்சுட்டா மொத்தம் நாற்பது நிமிஷம். கர்ரி பாயிண்டுக்கு நடந்து போய், வரிசையில நின்னு, சில்லறை வாங்கிட்டு வர்ற நேரத்தைவிட கொஞ்சம்தான் கூட.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். அந்த நாற்பது நிமிஷம் யாரோடது?

மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2024-ல நேரப் பயன்பாட்டு சர்வே ஒண்ணு எடுத்தாங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரி 289 நிமிஷம். ஆம்பளைங்க 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில கை வைக்கிற ஆம்பளைங்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. கையே வைக்காத மகராசன்களையும் சேர்த்தா அந்த 88 என்னாகும்னு நீங்களே பார்த்துக்கோங்க. 2019-ல இதே சர்வேயில 299, 97. அஞ்சு வருஷத்துல ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு, இடைவெளி அப்படியேதான் இருக்கு. மிக்ஸி, கிரைண்டர், குக்கர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தும் இந்த லட்சணம்.

நாலு வகை மெனுதான் ஆம்பளைங்களுக்குக் கிடைச்ச பெரிய பாதுகாப்பு. "எனக்கு சமையல் தெரியாதும்மா"ன்னு சொல்லித் தப்பிக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது. சாம்பார் பொடி பதம், ரசம் நுரை கட்டற பதம், கூட்டுக்குத் தேங்காய் அரைக்கிற பதம்னு நாலு பதத்தைக் காட்டினா யாரா இருந்தாலும் ஓடித்தான் போவாங்க. பப்பும் ஒரு காயும்னா என்ன தெரியாதுன்னு சொல்லுவீங்க? கெமிக்கல் ரியாக்டரை ஓட்டத் தெரிஞ்சவருக்கு குக்கர்ல மூணு விசில் எண்ணத் தெரியாதா? எங்க வீட்டுல செவ்வாய், வியாழன் ரங்கமணி முறை. பையனுக்குப் பதினாலு வயசு, ஞாயித்துக்கிழமை காலையில கோதுமை ரவை உப்புமா அவன் பொறுப்பு. உப்பு சமயத்துல கூடும், சமயத்துல மறந்தே போகும். தின்னுட்டு எந்திரிக்கிறோம். யாரும் செத்துப் போயிடலை.

"அதெல்லாம் உங்க வீட்டுல நடக்கும், எங்க வீட்டுல மாமியார் இருக்காங்க"ன்னு ஒரு தோழி சொன்னா. நியாயமான கவலைதான். ஊர்லேர்ந்து அத்தை வந்து ரெண்டு மாசம் தங்கினப்ப எங்க வீட்டுலயும், "ஏம்மா, ஒரு ரசம் வெச்சா என்ன?"ன்னு கேட்டாங்க. "வைக்கலாம் அத்தை, அப்ப பப்பு வேண்டாம்"னு சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போச்சு. ஆனா அவங்களுக்கும் சுகர் இருக்கு. மூணாவது வாரம் அவங்களே கோங்குர வாங்கிட்டு வரச் சொன்னாங்க. "நம்மூரு புளிச்சகீரைதானே இது"ன்னு கடைஞ்சும் குடுத்தாங்க, என்னைவிட நல்லாவே. வயசானவங்க மாறமாட்டாங்கன்னு நாமதான் முடிவு பண்ணிடறோம், பல வீட்டுல அவங்களை முன்னாடி வெச்சு ரங்கமணிகள்தான் ஒளிஞ்சுக்கறாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. அவங்களுக்கு எளிமையான ஆரோக்கியச் சமையல்னா கடையில போய் ஒரு பாக்கெட் வாங்கறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுலேர்ந்து மில்லட் நூடுல்ஸ், மில்லட் குக்கி, மில்லட் பஃப்னு சூப்பர் மார்க்கெட் ரொம்பிப் போச்சு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எது அதிகமோ அதைத்தான் பட்டியல்ல முதல்ல போடணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு. முதல் பேரு கோதுமை மாவு, இல்லேன்னா சர்க்கரை. கேழ்வரகு ஏழாவதோ எட்டாவதோ எடத்துல கூனிக்குறுகி நிக்கும். கேப்பை வேணும்னா மாவா வாங்கிக் கூழ் காய்ச்சுங்க, ஜொன்ன ரொட்டி தட்டுங்க. தெலங்கானாவுல ஜொன்னைக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒரு அக்கா சாயந்தரம் சுடச்சுட ரொட்டி தட்டி விக்கிறாங்க. ரெண்டு ஜொன்ன ரொட்டியும் வீட்டுப் பப்பும் வெச்சுச் சாப்பிட்டுப் பாருங்க, அன்னிக்குச் சோறே வேண்டாம். கடையில வாங்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு விரதமும் இல்லைங்க. கடையில ரொட்டி வாங்கி வீட்டுல காய் பண்ணுங்கங்கறேன். நாம பண்றது தலைகீழ்: வீட்டுல சோறு வடிச்சு, கடையில காய் வாங்கறோம்.

காய் விலைன்னு ஒரு புலம்பல் வரும். பீன்ஸும் கேரட்டும் முட்டைக்கோஸும் மட்டும்தான் காய்னு நினைச்சா விலைதான். சொரகாய, பீரகாய, தோசகாய, தொண்டகாய, கீரைக்கட்டு எல்லாம் இந்த ஊரு மண்ணுல வர்றது, பெரும்பாலான மாசம் கைக்கு அடக்கமான விலைதான். ரைத்து பஜார் 1999 ஜனவரியில ஆரம்பிச்சது, அதே வருஷம் நவம்பர்ல நம்ம மதுரையில முதல் உழவர் சந்தை. விவசாயி நேரா கொண்டு வந்து விக்கணும்னு வெச்ச எடம் ரெண்டும். வாரம் ஒரு தடவை போய் 11 கிலோ தூக்க ரெண்டு கை போதாது, வீட்டுல இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போங்க. காய் தூக்கினவருக்கு அதைக் குப்பையில போட மனசு வராது, நறுக்க வந்து உக்காருவார். அனுபவம் பேசுது.

விருந்தே வேண்டாம்னு சொல்றேனான்னு கேட்டா, இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், ஊர்லேர்ந்து ஆள் வந்தாலும், இலை போட்டு ஏழு வகையும் வைப்போம். எல்லாரும் சேர்ந்து தேங்காய் திருவி, அப்பளம் பொரிச்சு, சாப்பிட்டுட்டுத் தூங்குவோம். அது வருஷத்துல பத்து நாள். மீதி 355 நாளும் அந்தப் பத்து நாளை நடிச்சுக் காட்டறதுக்குத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னிக்கு வியாழக்கிழமை, ரங்கமணி முறை. பீர்க்கங்காய் ஒண்ணரைக் கிலோ வாங்கி வெச்சிருக்கேன். பாதி பப்புக்கு, பாதி தனியா வதக்க. தோலைக் குப்பையில போட்டுடாம எடுத்து வைக்கச் சொல்லணும், நாளைக்குத் துவையல் அரைக்கலாம். துவையல் மூணாவது வகை ஆச்சேன்னு யாராவது கேப்பீங்க. நாளைக்கு அது மட்டும்தாங்க குழம்புக்குப் பதில்.